ஒரு வயிற்றெரிச்சல்காரியின் திண்டிவனம் பயணம்: சிவப்பு மருந்தும் திருவக்கரைக் கல்மரமும்

இந்தப் பயணத்துக்கு வீட்டில் சொன்ன காரணம் ஒன்று, உண்மைக் காரணம் ஒன்று. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் என்னைக் கிளப்பியது பொறாமைதான். மாசி மாதத்து முதல் சனிக்கிழமை, வெயில் இன்னும் ஏறாத காலம். "சோழியன் குடுமி சும்மா ஆடாதே, திடீர்னு என்ன மரம் பார்க்கிற ஆசை?" என்றார் கணவர். பையைத் தூக்கிக்கொண்டு திருச்சி ஜங்ஷனுக்கு ஆட்டோ பிடித்தேன்.

பொறாமை யார் மேல் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை விளங்காது. அமலியும் நானும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தவர்கள். இப்போது நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன். ஏசி போட்ட லேப், கேட்ட கருவியெல்லாம் இருக்கிறது. அவள் திண்டிவனம் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியில் இருக்கிறாள். மின்விசிறி போட்டால் காகிதம் பறக்கும், நிறுத்தினால் வேர்த்துக் கொட்டும், அப்படி ஒரு லேப். இருவரும் செய்வது ஒரே வேலை. அதில் அவளுக்கு வருகிறது, எனக்கு வரவில்லை.

என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு: பாலிமர் என்பது நீளமான சங்கிலி. நாங்கள் செய்யும் சங்கிலிக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை தண்ணீருக்குப் பயப்படும். தண்ணீரில் விட்டால், பயந்த முனைகளெல்லாம் நடுவில் ஒன்றுகூடிக்கொள்ளும், விரும்பும் முனைகள் சுற்றி நிற்கும். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளைகளை நடுவில் விட்டுப் பெரியவர்கள் சுற்றி நிற்பார்களே, அதே மாதிரி. யாரும் பிடித்து நிறுத்த வேண்டாம், தானாகவே உருண்டையாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உருண்டை. லேப் பாஷையில் இதை 'உட்காருகிறது' என்போம். அந்த உருண்டைக்குள் புற்றுநோய் மருந்தை ஒளித்து வைத்தால், அது உடம்பெல்லாம் கொட்டாமல், போக வேண்டிய இடத்தில் மெல்ல மெல்ல இறங்கும். முடி கொட்டுவதும் வாந்தியும் குறையும் என்பது எங்கள் நம்பிக்கை. விழுப்புரம் பக்கம் கெடாரில் வாழ்க்கைப்பட்ட அமலியின் அக்காவுக்குப் புற்றுநோய் வந்து, அந்த மருந்தைச் சிவப்பு ஊசியாகப் போட்டபோது அவர் பட்ட பாட்டை அமலி கூடவே இருந்து பார்த்தவள்.

என் உருண்டைகள் ஒரே மத்தியானத்தில் மருந்தையெல்லாம் கக்கிவிடும். அவளுடையவை வாரக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். போன வருடம் இருவரும் ஒரே ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பித்தோம். அவளுக்குக் கிடைத்தது. எங்கள் பழைய லேப் வாட்ஸ்அப் குழுவில் பூங்கொத்தாகக் கொட்டினார்கள். நான் ஒரு கட்டைவிரலை மட்டும் போட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். காத்திருப்போரில் முதல் ஆள் நான்தான் என்று எனக்கும் மின்னஞ்சல் வந்திருந்தது. வெளியிட்ட பட்டியலில் பெயர் கிடையாது, ஆராய்ச்சித் தலைப்பு மட்டும்தான். நான் கிளம்பிய அந்த மாதக் கடைசியில், மருந்து ஏற்றிய மாதிரியை அவள் பணம் கொடுப்பவர்களிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் வாய்ப்பு அடுத்த ஆளுக்கு வரும். அப்படி என்னதான் செய்கிறாள், எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று நேரில் பார்க்கத்தான் கிளம்பினேன்.

காலை வண்டி விழுப்புரத்துக்கு ஒன்பது மணி வாக்கில் வந்தது. திருச்சியிலிருந்து சுமார் மூன்று மணி நேரம். ஸ்டேஷனுக்கு வெளியே இட்லி, வடைகறி கிடைத்தது, குறை சொல்ல முடியாது. அங்கிருந்து புதிய பேருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ. திண்டிவனத்துக்குச் சென்னைப் பேருந்துகள் வந்துகொண்டே இருக்கும், நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, முக்கால் மணியில் போய்விடலாம். ஆனால் எல்லா வண்டியும் ஊருக்குள் போகாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

"கண்டக்டராண்ட கேட்டுக்கினு ஏறினியாம்மா? சில வண்டி பைபாஸ்லயே வுட்டுட்டுப் பூடுவான். அப்புறம் வெயில்ல நடந்துகினு கெடக்கணும், பேஜாரு."

கேட்டேன். நல்லவேளை, மேம்பாலத்துக்குக் கீழே நிறுத்தினார்கள். அங்கே அமலி ஸ்கூட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். சுடிதாரில் சாக்பீஸ் தூள், முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வந்துட்டியாடி ஹேமா! இன்னாடி இப்டி இளைச்சிட்ட? ஏறு ஏறு, லேப்புக்குப் போய்ட்டு அப்புறம் திருவக்கரை போலாம். ஆட்டோ சொல்லி வெச்சிருக்கேன்."

லேப் நான் நினைத்ததைவிடச் சின்னது. மேசை மேல் ஒரு பெரிய பீக்கரில் தண்ணீர், அதற்குள் ஒரு நீளமான பை மிதந்தது. சின்ன வயதில் நீளக் கவரில் ஐஸ் வாங்கித் தின்போமே, அந்த மாதிரிப் பை. மருந்தேறிய உருண்டைகள் அந்தப் பைக்குள் இருக்கும். பையில் இருக்கும் துளைகள் வழியே உருண்டை வெளியே வராது, உடைந்து சிந்திய மருந்து வந்துவிடும். மருந்தின் நிறம் சிவப்பு. அதனால் கணக்கு சுலபம்: பைக்குள் சிவப்பாகவும் வெளியே தண்ணீர் தெளிவாகவும் இருந்தால் வெற்றி. வெளியே சிவந்தால் தோல்வி.

வெளியே தண்ணீர் ரோஸ்மில்க் மாதிரி இருந்தது.

என் மனசு என்ன செய்தது என்று மறைக்காமல் எழுதுகிறேன். துள்ளியது. உள்ளுக்குள் ஒரு குத்தாட்டமே போட்டேன்.

"ரெண்டு மாசமா இப்டித்தான்டி," என்றாள் அமலி. "யாருக்கும் சொல்லல. பாலிமர் கெட்டுப்போச்சோன்னு மூணு வாட்டி புதுசா செஞ்சேன். மருந்த மாத்தினேன். சொட்டு சொட்டா தண்ணி வுடறதுல தப்போன்னு பசங்கள வுடாம நானே உக்காந்து வுட்டேன். ஒண்ணும் உக்கார மாட்டேங்குது. யார் கண்ணு பட்டுச்சோ தெரியல."

யார் கண் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "அச்சச்சோ" என்றேன்.

"இத்தினிக்கும் இப்ப எல்லாமே புதுசு. திட்டம் கெடச்சதுன்னு காலேஜ்ல சந்தோஷப்பட்டு புது வாட்டர் யூனிட் வாங்கிக் குடுத்தாங்க. பாரு, எவ்ளோ சுத்தமான தண்ணி தெரியுமா? பழசு பத்து வருஷத்துப் பழசு, ஒடஞ்சி ஒட்டுப் போட்டது."

அவள் டீ சொல்லப் போனாள். நான் கை கழுவ வெளியே வந்தேன். நடைபாதை ஓரத்தில் அந்தப் பழைய யூனிட் கிடந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவியைக் குளிரவைத்து, வடித்தெடுக்கும் கண்ணாடிச் சாதனம். ஆவி ஒரு குழாய்க்குள் போகும், அதைக் குளிர்விக்கும் போர் தண்ணீர் வேறு சுருளில் சுற்றி ஓடும். இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. போர் தண்ணீர் ஓடும் சுருளில் உப்புப் படிவது சகஜம், அந்த ஊர்த் தண்ணீருக்குப் படியாவிட்டால்தான் அதிசயம். ஆனால் வடித்த தண்ணீர் சொட்டும் குழாயின் வாய்க்குள்ளும் வெள்ளையாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். சுண்ணாம்பேதான்.

சுருளில் எங்கோ மயிரிழை விரிசல். பல வருடங்களாகப் போர் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வடித்த தண்ணீரில் கலந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்தச் சுண்ணாம்புச் சத்துதான் உருண்டையைச் சுற்றி நிற்கும் முனைகளைக் கொக்கி போட்டு இறுக்கிப் பிடித்திருக்கிறது. புது யூனிட் வந்தது, தண்ணீர் சுத்தமானது, கொக்கி போனது, உருண்டை உடைந்தது. வேதியியல் படித்தவர்கள் எல்லோரும் செய்யும் தப்புதான் இது. எதை வேண்டுமானாலும் சந்தேகப்படுவோம், சுத்தமான தண்ணீரை மட்டும் சந்தேகப்பட மாட்டோம்.

ரகசியம் கிடைத்துவிட்டது. அவள் திறமை பாதி, ஓட்டை பாதி! கை கழுவிவிட்டு உள்ளே போய் டீ குடித்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திருவக்கரைக்கு ஆட்டோ போக வர, காத்திருப்பு சேர்த்துத் தொள்ளாயிரம் ரூபாய். சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். பேருந்தும் உண்டு, ஆனால் நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். ஓட்டியவர் சங்கர், அமலியின் ஊர்க்காரர். வழியெல்லாம் மல்லாட்டைக் கொல்லை. எங்கள் ஊரில் கடலை என்போம், இங்கே மல்லாட்டை. அமலி வீட்டிலிருந்து வேகவைத்துக் கொண்டுவந்திருந்தாள். பல்லில் கடித்து உடைத்துத் தின்றபடியே போனோம்.

கல்மரப் பூங்காவில் கூட்டமே இல்லை. செம்மண்ணில் ஆங்காங்கே மரக்கட்டைகள் கிடக்கின்றன. பட்டை, கணு, வளையம் எல்லாம் அப்படியே இருக்கிறது, தட்டினால் கல். தண்ணீரில் கரைந்திருந்த தாது மரத்துக்குள் இறங்கி இறங்கி, மரம் இருந்த இடத்தையெல்லாம் அது பிடித்துக்கொண்டதாம். தண்ணீரில் கரைந்தது என்ன வேலையெல்லாம் செய்யும் என்று அமலியே எனக்கு விளக்கிக்கொண்டு வந்தாள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அங்கிருந்து வக்கிரகாளியம்மன் கோயில் பக்கம்தான். பௌர்ணமியில் போனால் நகர முடியாது, சாதாரண நாளில் நிம்மதியாகக் கும்பிடலாம். அமலி வேதக்காரக் குடும்பம், சர்ச்சுக்குப் போகிறவள், வாசலிலேயே என் செருப்புக்குக் காவலாக நின்றுகொண்டாள். சங்கர் இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கினார்.

"ஒண்ணு உங்களுக்குக்கா, ஒண்ணு டீச்சரு லேப்புக்கு. கண்ணேறு, வயித்தெரிச்சல் எது இருந்தாலும் ஆத்தா பார்த்துப்பா. டீச்சரு பாவம், ரெண்டு மாசமா மூஞ்சியே சரியில்ல."

உள்ளே நின்றேன். என்ன வேண்டுவது? கண் போட்டவளே எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் ஆத்தாதான் என்ன செய்வாள்! குருக்கள் விபூதி கொடுத்தார், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் அமலி சாதாரணமாகச் சொன்னாள். "திங்கக்கிழமை மெயில் போட்டுறலாம்னு இருக்கேன்டி. என்னால முடியல, அடுத்த ஆளுக்குக் குடுத்துருங்கன்னு. பொய்யா ஒண்ணக் கொண்டுபோய்க் காட்ட எனக்கு வராது."

"அவசரப்படாதே" என்றுகூட நான் சொல்லவில்லை. "உனக்கு எது சரின்னு படுதோ..." என்று இழுத்தேன். நான் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும்.

திண்டிவனத்தில் பேருந்து ஏற்றிவிட்டாள். ஒரு துணிப்பையைக் கையில் திணித்தாள். "மல்லாட்டை இருக்கு, மல்லாட்டை உருண்டை இருக்கு, உன் வீட்டுக்காரருக்குக் குடு." சன்னல் வழியே கையாட்டினாள். விழுப்புரம் வரும்வரை அந்தக் கையே கண்ணில் நின்றது. எனக்கு எரிச்சலாக வந்தது. இவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

விழுப்புரம் ஜங்ஷனில் திருச்சி வண்டிக்கு அரை மணி இருந்தது. பசித்தது. நடைமேடையில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். மேலே டப்பா. அடியில், வேறொரு கவரில், நாலு சுற்றுப் பஞ்சுக்குள் ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே வெள்ளைத் தூள். ஒட்டியிருந்த சீட்டில் அமலியின் கையெழுத்தில் பாலிமர் பெயர். உடனே போன் போட்டேன்.

"என்னடி இது, கடலைக்கு அடியில?"

"அதுக்குள்ள பார்த்துட்டியா? வீட்டுக்குப் போய்த்தான் பார்ப்பன்னு நெனச்சேன். என் பாலிமர்டி. கடைசியா செஞ்சது, நல்லா வந்துகிது."

"எனக்கு எதுக்கு?"

"நீதானே அடுத்த ஆளு?"

அவளே சொன்னாள்: "பேரு போடலன்னா இன்னா, தலைப்பு பார்த்தா தெரியாதா? எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அதையேதானே சொல்லிக்கினு இருக்க. எங்கிட்ட உக்கார மாட்டேங்குது. உங்க லேப்ல நல்ல மெஷின்லாம் வெச்சிக்கினு இருக்கீங்க, நீ பாரு. யாராண்ட உக்காந்தா இன்னாடி, உக்காந்தா சரி. எங்க அக்கா மாதிரி இன்னொருத்தர் படாம இருந்தா போதும்."

படுபாவி. விட்டுக்கொடுப்பதிலும் அவள்தான் முதல். அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. வண்டி வருவதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

"அமலி, வெளியில ஒரு பழைய வாட்டர் யூனிட் கிடக்கே, அதை யாருக்கும் கொடுத்துடாதே."

"அத காயலாங்கடைக்காரரு வந்து எடுத்துக்கினு போறேன்னாரு. ஏன்?"

"வடிச்ச தண்ணி சொட்டுற குழாய் இருக்குல்ல, அதோட வாய்க்குள்ள விரலை விட்டுப் பாரு. சுண்ணாம்பு படிஞ்சிருக்கு."

அவளுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. பிறகு, "மாதாவே!" என்று ஒரு சத்தம். "அப்ப தண்ணியா? இத்தினி வருஷமா அந்தத் தண்ணிதான் புடிச்சி வெச்சிருந்துதா?" சிரித்தாள், அழுதாள், என்னென்னவோ சொன்னாள். திடீரென்று நிறுத்தினாள்.

"நீ எப்ப பார்த்த?"

"காலையில."

"காலையிலயேவா?"

குப்பியைத் திரும்பப் பஞ்சுக்குள் சுற்றி வைத்தேன். அப்புறம், "சரி, வண்டி வந்துடுச்சா? பார்த்து ஏறு. பத்திரமா போ" என்று வைத்துவிட்டாள்.

நாலாம் நாள் ஒரு படம் அனுப்பினாள். பைக்குள் சிவப்பு, வெளியே பளிங்கு மாதிரித் தண்ணீர். சுத்தத் தண்ணீரில் துளி சுண்ணாம்புச் சத்தை அளந்து சேர்த்திருக்கிறாள், பீக்கருக்குப் பக்கத்தில் சங்கர் கொடுத்த எலுமிச்சம்பழம். மாதக் கடைசியில் கொண்டுபோய்க் காட்டினாள். எல்லோரும் பாராட்டினார்களாம். ஓட்டையாக இருந்ததையே கண்டுபிடிப்பாக்கி இப்போது கட்டுரை எழுதுகிறாள், இரண்டாவது பெயராக என்னைப் போட்டிருக்கிறாள். அந்தக் காலையைப் பற்றி மட்டும் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

போக நினைப்பவர்களுக்கு: காலையில் விழுப்புரம் வந்துவிட்டால் திண்டிவனம், திருவக்கரை இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிட்டு இருட்டுவதற்குள் ரயிலேறலாம். எனக்கு ரயில், பேருந்து, ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது. இரண்டு பேர் போனால் ஆட்டோச் செலவு பாதியாகும். பேருந்தில் ஏறுமுன் ஊருக்குள் போகுமா என்று கேளுங்கள். பூங்காவில் நிழல் குறைவு, தொப்பி வேண்டும். கல்மரத்தில் ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது, எடுத்தால் குற்றம். மாசி, பங்குனியில் போனால் பச்சை மல்லாட்டை கிடைக்கும். குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். கூட யாரைக் கூட்டிப்போவது என்பது உங்கள் பாடு. ஆனால் நீங்கள் யார் மேல் பொறாமைப்படுகிறீர்களோ அந்த ஆள் கொடுக்கும் பையை மட்டும் ரயில் வருவதற்கு முன்பே திறந்து பார்த்துவிடுங்கள்.

அந்தக் குப்பியைத் திருப்பி அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம், வைத்துக்கொள் என்றாள். போன வாரம், லேபில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அவள் பாலிமரைக் கொஞ்சம் எடுத்து, துளி சுண்ணாம்புச் சத்து சேர்த்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். முதல் தடவையே உட்கார்ந்துவிட்டது. அதே தண்ணீரில், அதே அளவில், என் பாலிமரையும் போட்டுப் பார்த்தேன். ரோஸ்மில்க்.